துரைமார் கற்ற தமிழ்

ஒரு மொழியை அம்மொழி வழங்கும் மண்ணில், அதனைப் பேசும் மக்களிடையே வாழ்ந்து கற்பதே சிறந்த முறை என்பர் கல்வியாளர். நூல் கற்பிக்காத பலவற்றை அங்காடியும் அடுப்பங்கரையும் கற்பித்துவிடும். இக்காலத்தில் ஸ்பானிய மொழி பயில விரும்பும் இளைஞர் பலர், தென் அமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரில் உள்ள ஏரிக்கரை ஊர்களுக்குச் சென்று, ஒரு குடும்பத்தாரோடு சில வாரங்கள் தங்கிக் கற்று வருகின்றனர். அவர்கள் அங்கே செல்வது தாமே விரும்பி. திரும்புவதும் தாமே விரும்பி. மொழியைக் கற்றவருக்கும் கற்பித்தவருக்கும் இடையே அன்பைத் தவிர வேறு கட்டு இல்லை.

ஆயினும், அதே மலைநாட்டு ஏரிக்கரைக்கு வேறொரு பழைய வரலாறும் உண்டு. பெரு நாட்டையும் பொலிவியாவையும் தொட்டுக் கிடக்கும் டிட்டிகாக்கா ஏரி, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் கரையிலுள்ள ஹூலி என்னும் ஊரில், 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இயேசு சபைத் துறவியர் வந்து தங்கினர். அவர்கள் அங்கே கற்றது ஸ்பானியம் அன்று. அவ்வூர் மக்களின் தாய்மொழியாகிய அய்மாரா. லுதோவிக்கோ பெர்தோனியோ என்னும் இத்தாலியத் துறவி தொகுத்த அய்மாரா மொழிச் சொல்லகராதி 1612ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆளவந்தோர் மொழி ஸ்பானியம். ஆளப்பட்டோர் மொழி அய்மாரா. ஆளவந்தோர் பக்கத்தினர் ஆளப்பட்டோர் மொழியை ஏன் கற்றனர்? தம் சமயத்தை அவர்கள் செவியில் ஏற்றுதற்கு என்பது விடை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாகும். ஒருவர் ஒரு மொழியை எங்கே கற்றார் என்பது மட்டும் போதாது. எதற்காகக் கற்றார், யாரிடம் கற்றார், அம்மொழியின் எந்தப் பகுதியைக் கற்றார் என்பனவும் ஆராயப்பட வேண்டும். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதித் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் தமிழ் கற்ற வரலாற்றை நோக்குவது பயனுடைத்து.

தமிழைத் தேடி வந்தோர்

பிற நாட்டவர் தமிழ் கற்றது புதுமையன்று. போர்த்துக்கீசியத் துறவி அன்றீக்கு அன்றீக்கசு முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்றார். அவர் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்கு உண்டு.

சீகன்பால்கு என்னும் செருமானியர், டென்மார்க்கு மன்னரின் ஆதரவோடு 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவ்வூர் அக்காலத்தில் டேனியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர் ஊர்ப் பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைப் பழகினார். சில ஆண்டுகளிலேயே பேச்சிலும் எழுத்திலும் தேர்ந்து, 1715இல் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1719இல் அவர் மறைந்தபோது அகவை 36 தான். சமயம் பரப்பவே அவர் வந்தார் என்பது உண்மை. எனினும், சிறு பிள்ளைகளுக்கு நடுவே மாணாக்கராய் அமரும் பணிவு அவரிடம் இருந்தது என்பதும் உண்மை.

1839இல் தமிழகம் வந்த ஜி. யு. போப், இராமாநுச கவிராயரிடம் முறையாகத் தமிழ் பயின்றார். திருக்குறளை 1886லும், நாலடியாரை 1893லும், திருவாசகத்தை 1900லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவர்களுக்கெல்லாம் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார்; அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆசிரியரின் முன் மாணவர் பணிந்து நின்றார் என்பதே இவ்வரலாற்றின் அழகு.

பெர்ணம் ஆறும் சிலாங்கூர் ஆறும்

வடக்கே பெர்ணம் ஆறு. தெற்கே சிலாங்கூர் ஆறு. மேற்கே மலாக்கா நீரிணை. இவற்றினிடையே சபாக், சுங்கை பெசார், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. சதுப்பும் காடுமாய்க் கிடந்த நிலப்பரப்பு நெல்வயலும் தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் ஆயிற்று. அதனைத் திருத்திய கைகளில் தமிழர் கைகள் பல.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உந்து வண்டித் தொழில் வளர வளர, ரப்பரின் தேவையும் விலையும் ஏறின. காடழிக்கவும் கன்று நடவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. 1907இல் இந்தியர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தொழிலாளரின் கப்பற்செலவுக்கு வழி செய்யப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். எனவே திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்கள் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து லயங்களில் வந்து அமர்ந்தன. பெர்ணம் ஆற்றுக்கு அப்பால் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் தெலுங்கர் மிகுதியாக இருந்தனர். இப்பால் தமிழரே பெரும்பான்மையினர்.

ஊரோடு வந்தவர் மொழியோடும் வந்தனர். லயத்தில் தமிழ், கோயிலில் தமிழ், காட்டில் தமிழ். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மலாயும் தொடக்கத்தில் அங்காடி அளவே. ஆதலின், நூற்றுக்கணக்கான தொழிலாளரை வைத்து வேலை வாங்க வந்த ஐரோப்பியர், தாமே தமிழ் கற்கும் கட்டாயத்திற்கு உள்ளாயினர். ஆட்சியும் முதலும் அவர்களிடம் இருந்தன; ஆயினும் மொழியில் மட்டும் அவர்கள் தொழிலாளரை நோக்கியே வரவேண்டியிருந்தது. மலாயா வரலாற்றில் இஃது ஒரு வியப்பான செய்தி.

ரந்தாவ் பஞ்சாங் துரை

இவ்வாறு கற்றவருள் உலகறிந்த ஒருவர் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் ஆன்றி போக்கோனியே. 1879இல் பிரான்சு நாட்டின் பார்பெசியூ என்னும் சிற்றூரில் பிறந்தவர். போர்னியோவில் சவ்வரிசி மரம் பயிரிட்டால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று ஓர் ஏட்டில் படித்து, 1905இல் கப்பலேறினார். சிங்கப்பூரில் தங்கியபோது, சவ்வரிசியினும் ரப்பரே நற்பயன் தரும் என்று கேள்வியுற்று மனம் மாறினார். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் சில திங்கள் பயிற்சி பெற்றார். அப்பயிற்சியில் அவர் கற்க வேண்டியிருந்தவை மூன்று: தோட்டத்தொழில், மலாய், தமிழ். இம்மூன்றும் இன்றி இந்நாட்டில் தோட்டம் நடத்த இயலாது என்பதை அவர் முதலிலேயே உணர்ந்தார்.

அதே ஆண்டில் சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால் ஒரு நிலத்தைக் கண்டு, முதற்கண் 600 ஏக்கர் வேண்டி விண்ணப்பித்தார். 1906இல் ரந்தாவ் பஞ்சாங்கில் பனையோலை வேய்ந்த வீடு கட்டிக் குடியேறினார். பெல்ஜிய நாட்டு முதலாளி அத்ரியன் அல்லே அவருக்குத் துணை நின்றார். சுமத்திராவின் டெலியிலிருந்து வந்த செம்பனை விதைகள் அவரால் இங்கே ஊன்றப்பட்டன. 1917ஆம் ஆண்டில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவாயிற்று. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். இந்நாட்டின் பெருஞ்செல்வமாகிய செம்பனைத் தொழில் வேர்விட்ட இடத்தின் பெயரில் ‘தென்னை மரம்’ என்னும் தமிழ்ச் சொல் ஒலிக்கிறது. 2017இல் இத்தொழிலின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது, அப்பெயரும் நினைவுகூரப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மாறவில்லை.

போக்கோனியே முதல் உலகப் போர் மூண்டபோது தாய்நாடு சென்று படையிற் சேர்ந்தார். பின்னர் 1925இல் துனீசியாவில் குடியேறினார். அங்கிருந்தபடி எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம், 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. மலாய்ப் பந்துன்களை எடுத்தாண்டும், தோட்டத்துத் தமிழரைக் கதையுள் நடமாடவிட்டும் எழுதப்பட்ட அந்நூல், சிலாங்கூர் ஆற்றங்கரை வாழ்வைப் பாரிசு நகர வாசகர் முன் நிறுத்தியது. நூலாசிரியர் 1973இல் மறைந்தார். இரு மொழிகளைத் தம் செவியால் கேட்டுக் கற்றிராவிடின் அவரால் அப்படியொரு நூல் எழுதியிருக்க முடியாது.

1936இல் மற்றொரு பிரெஞ்சுக்காரர், பொறியியல் கற்ற பியேர் பூல், மலாயாவின் ரப்பர்த் தோட்டப் பணிக்கு வந்தார். பின்னாளில் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ பற்றிய புதினத்தால் உலகப் புகழ் பெற்றவர் இவரே. தோட்ட வாழ்வை எள்ளி நகையாடி 1951இல் ஒரு புதினமும் எழுதினார்.

பெர்ணம் ஆற்றின் அக்கரையில் நிகழ்ந்ததும் குறிக்கத்தக்கது. ஓகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டேனியப் பொறியாளர் 1906இல் அங்கே ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்கினார். டேனியர் கொடியின்கீழ்ச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ் எழுத்துப் பழகியது 1706இல். சரியாக இருநூறு ஆண்டு கழித்து, டேனியர் மீண்டும் தமிழர் நடுவே வந்தனர். முன்னவர் தமிழகம் தேடி வந்தார். பின்னவரோ, கடல்கடந்து வந்த தமிழரோடு ஓர் அயல்மண்ணில் சேர்ந்தனர். கற்பாருக்கும் அயல்நாடு, கற்பிப்பாருக்கும் அயல்நாடு என்பது தோட்டத் தமிழ்க் கல்வியின் தனித்தன்மை.

நூலும் தேர்வும்

தோட்டத்திற்குப் புதிதாய் வந்த ஐரோப்பிய இளைஞரைத் தொழிலாளர் ‘சின்ன துரை’ என்றனர். அவர் விடியுமுன் எழுந்து பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பேர் கூப்பிட வேண்டும். ஆளைப் பிரித்து நிரைக்கு அனுப்ப வேண்டும். வெட்டுக்காயத்தைப் பார்க்க வேண்டும். பாலை நிறுக்க வேண்டும். இவற்றிற்கான சொற்களை அவர் விரைவில் கற்றாக வேண்டும்.

இதற்கென்று கையேடுகள் எழுந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களே இதில் முன்னோடி. 19ஆம் நூற்றாண்டிலேயே பெர்குசன் என்பார் சின்ன துரைமாருக்கென்று ஒரு சட்டைப்பைக் கையேட்டைக் கொழும்பில் வெளியிட்டார். அதன் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பார் தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் பேச்சை ஒட்டி மற்றொரு நூலை வெளியிட்டார். அதன் பெயர் ‘கூலித் தமிழ்’. தமிழ் எழுத்தறியாத துரைக்கும் உதவும் வகையில் இத்தகைய கையேடுகள் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தந்தன.

மலாயாவில் 1919இல் தோட்ட நிருவாகிகளின் கழகம் அமைக்கப்பெற்றது. அக்கழகம் நடத்திய தேர்வுகளில் தமிழும் ஒன்று. தேர்வில் தேறுவது பணி உயர்வுக்குத் துணை செய்தது. அரசும் வாளாவிருக்கவில்லை. மலாயா ஆட்சிப் பணியிற் சேர்ந்த இளைஞருள், தொழிலாளர் துறைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர் தென்னிந்தியாவுக்கே அனுப்பப்பட்டுத் தமிழ் பயின்று வந்தனர். சீனர் தொடர்பான பணிக்கு உரியோர் சீனத்துக்கு அனுப்பப்பட்டது போன்றதே இது.

எனினும், தோட்டத்துத் துரைக்கு உண்மையான ஆசிரியர் யார்? கிராணியும் கங்காணியும், வீட்டுச் சமையற்காரரும், நிரையில் நின்ற தொழிலாளருமே. போப்பின் ஆசிரியர் பெயரை நாம் அறிவோம்; இவர்களுள் ஒருவர் பெயரையும் எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. எழுத்தறியாத ஒரு பால்வெட்டுப் பெண், பட்டம் பெற்ற ஓர் ஐரோப்பியருக்கு ‘கட்டிப்பால்’ எது, ‘கோட்டுப்பால்’ எது என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்திருப்பாள். தான் ஒரு மொழியாசிரியர் என்பதை அவள் அறிந்திருக்க மாட்டாள்.

விடுபட்ட சொல்

இனி, அவர்கள் கற்ற தமிழ் எத்தகையது என்று காண்போம். முன்னே சுட்டிய கையேட்டின் பெயரே அதனை விளக்கும். ‘இங்கே வா’ என்பது முன்னிலை ஒருமை ஏவல். தமிழில் ஏவலுக்குப் பல படிகள் உண்டு. ‘வா’ என்பது ஒன்று. ‘வாரும்’ என்பது வேறு. ‘வாருங்கள்’ என்பது வேறு. ‘வருக’ என்னும் வியங்கோள் வேறு. யாரை எப்படி விளிப்பது என்பது தமிழில் இலக்கணம் மட்டுமன்று. அது பண்பாடும் ஆகும். மூத்தவரை ‘வா’ என்றழைக்கும் தமிழ்ச் சிறுவனைத் தாய் அதட்டுவாள்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், ஒன்றைக் கேட்டுப் பெறும் சொற்களாக ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்றினைக் கூறுகின்றார். ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கேட்கும் சொல். ‘தா’ என்பது ஒத்தோன் கேட்கும் சொல். ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கேட்கும் சொல். பொருள் ஒன்றே, ஆனால், இருவருக்கும் இடையேயுள்ள நிலையைச் சொல்லே காட்டிவிடும்.

இந்நூற்பாக்களைத் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். துரையின் தமிழ் முழுவதும் ‘கொடு’ என்னும் நிலையில் நின்றது. தொழிலாளரின் மறுமொழி முழுவதும் ‘ஈ’ என்னும் நிலையில் நின்றது. ஒத்தோர் பேசும் ‘தா’ என்னும் சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அகவை அறுபது கடந்த கங்காணியையும் இருபத்திரண்டு அகவைச் சின்ன துரை ஒருமையில் அழைத்தார்; முதியவரோ ‘துரை’ என்றும் ‘ஐயா’ என்றும் மறுமொழி தந்தார். துரைக்கு இலக்கணப் பிழை எதுவும் நேரவில்லை. அவர் கற்ற நூலின்படி அவர் பேசியது சரியே. பிழை நூலிலும் இல்லை. அந்நூலை வேண்டி நின்ற தோட்ட அமைப்பில் இருந்தது.

‘கூலித் தமிழ்’ என்னும் பெயரும் எண்ணத்தக்கது. தமிழில் வட்டார வழக்கு உண்டு. தொழில் வழக்கு உண்டு. அவை மொழியின் செல்வங்கள். ‘கூலி’ என்னும் அடைமொழி வட்டாரத்தையோ தொழிலையோ குறிப்பதன்று. பேசுவாரின் தாழ்வைக் குறிப்பது. பன்னெடுங்காலம் இப்பெயரைக் கேட்ட மக்கள், தம் பேச்சு தாழ்ந்த பேச்சு என்று தாமே நம்பத் தலைப்பட்டனர். பிறர் இட்ட பெயரைத் தன் பெயராக ஏற்பதைவிடப் பெரிய இழப்பு ஒரு மொழியினத்துக்கு வேறில்லை.

துரைமார் அனைவரும் கொடியவர் என்று கூறுவது வரலாறு ஆகாது. தமிழை ஆழக் கற்று, தொழிலாளர் குறையைத் தம் செவியால் நேரே கேட்டு, தீர்த்து வைத்தவரும் இருந்தனர். இடைநின்ற ஆள் திரித்துக் கூறுவதை, தமிழறிந்த துரை எளிதில் கண்டுகொண்டார். மொழி அதிகாரத்துக்குக் கருவியாவது போலவே நீதிக்கும் கருவியாகும். தமிழ் தெரிந்த துரையிடம் முறையிடலாம் என்னும் நம்பிக்கை தொழிலாளரிடம் இருந்தது. இதற்குச் சான்று, அவர்களே வகுத்த ஒரு கோரிக்கையில் உள்ளது.

1941

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்து, சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. ‘தமிழ் நேசன்’ இதழில் துணையாசிரியராய் இருந்த ஆர். எச். நாதன் தொழிலாளரைத் திரட்டியவருள் முதன்மையானவர். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்டிருக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை என்பன அவர்களின் கோரிக்கைகள். அவற்றோடு, கொடுமை செய்யும் மேலாள்களை நீக்கி, தமிழ் பேசத் தெரிந்தோரை அமர்த்த வேண்டும் என்பதும் ஒன்று.

கூலி உயர்வும் மருந்தும் கேட்ட பட்டியலில் மொழியும் இடம்பெற்றது ஏன்? தம் துன்பத்தைத் தம் சொல்லிற் கூற முடியாதவனுக்கு நீதி எட்டாது. மருத்துவமனையில் நோயைச் சொல்லவும், கணக்கில் குறைந்த கூலியைச் சுட்டவும், மகளுக்கு நேர்ந்த தீங்கை முறையிடவும் மொழி வேண்டும். அந்தக் கோரிக்கையை எழுப்பியவர் இலக்கணம் கற்றோர் அல்லர். ஆயினும் மொழியின் பயனை நன்கு அறிந்திருந்தனர்.

அப்பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால், தொழிலாளர் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. ‘வா’ என்னும் ஒருமை ஏவலும், மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கமும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒன்று நாவில் நின்றது; மற்றொன்று உடலில் நின்றது. தொழிலாளர் வேண்டியது ‘தா’ என்று பேசும் நிலை. அரசோ நாதனைச் சிறைப்படுத்தியது. பின் நாடு கடத்தியது. மே மாதம் சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்துப் படையை ஏவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். அவ்வாண்டின் இறுதியில் சப்பானியர் படையெடுப்பு வந்தது. பழைய தோட்ட உலகம் முன்போல் மீண்டும் நிலைபெறவில்லை.

பிள்ளைகளுக்குக் கிடைத்த தமிழ்

துரைக்குத் தமிழ் கற்க நூலும் தேர்வும் இருந்த காலத்தில், அத்தமிழைக் கற்பித்தவரின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பலவிடத்து அவை லயத்தின் ஓரறையும் கொட்டகையுமே. கிராணியோ, படிக்கத் தெரிந்த கங்காணியோ மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மூன்று நான்கு ஆண்டுப் படிப்போடு பிள்ளைகள் காட்டுக்குச் சென்றனர்.

துரைக்குப் பேச்சுத் தமிழ் தெரியும், எழுத்துத் தெரியாது. பிள்ளைக்கும் பேச்சுத் தெரியும், எழுத்து அரைகுறை. துரைக்கு எழுத்து தேவைப்படவில்லை. அவருக்கு வேறு மொழியில் ஓர் உலகமே இருந்தது. பிள்ளைக்கோ வேறு உலகம் இல்லை. அந்த ஓரறைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கற்பித்த ஆசிரியரே, ‘கூலித் தமிழ்’ என்னும் பெயருக்கு முதல் மறுப்பை எழுதியவர். ஏவல் மட்டுமே கேட்டு வளர்ந்த செவிகளில் அறநூலும் அதே மொழியில்தான் உள்ளது என்று அவர் ஓதினார். தமிழ்ப்பள்ளியின் பணியை இக்கண் கொண்டு நோக்கினால்தான் அதன் பெருமை விளங்கும்.

மாறிய காலம்

நாடு 1957இல் விடுதலை பெற்றது. ஐரோப்பியத் துரைமார் படிப்படியாக நீங்கினர். தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் தம் சேமிப்பைத் திரட்டித் தாமே தோட்டம் வாங்க, துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தமிழ்க் குடும்பங்கள் நகர்ப்புறம் நோக்கிப் பெயர்ந்தன. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பிறரும் வேலை செய்கின்றனர். தோட்டம் நடத்த இன்று எவரும் தமிழ் கற்க வேண்டுவதில்லை. துரைமார் கற்ற தமிழ் அவர்களோடு மறைந்தது.

அது மறைந்தது நன்றா, தீதா? ஏவலுக்கென்று கற்ற தமிழ் மறைந்ததில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால், பிறமொழியாளர் ஒருவர் தேவை கருதித் தமிழைத் தேடி வரும் நிலையும் அதனோடு மறைந்தது. அன்று தொழிலாளரின் உழைப்பு வேண்டியிருந்ததால் அவர் மொழியும் வேண்டியிருந்தது. இன்று தமிழை நாடி வருவோர் வரவேண்டுமாயின், அதன் இலக்கியமும் அறிவும் தமிழரின் மதிப்பும் அவர்களை அழைக்க வேண்டும். அழைக்கும் பொறுப்பு நம்முடையது.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, தோட்டத்துச் சொற்களைத் தொகுத்தல். பிரட்டு, நிரை, காண்டா, கட்டிப்பால், வெளிக்காடு, ஆயாக்கொட்டகை என்னும் சொற்கள் நாவிலிருந்து நழுவி வருகின்றன. அவற்றைப் பேசிய முதியோர் குறைந்து வருகின்றனர். பெர்தோனியோ ஓர் அயலார். அவர் அய்மாராச் சொற்களை ஒன்றுவிடாமல் தொகுக்க முயன்றார். நம் வீட்டுச் சொற்களை நாம் தொகுக்காதிருத்தல் முறையன்று. மாணவர் தம் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்டு எழுதினாலே ஒரு சிற்றகராதி உருவாகிவிடும்.

இரண்டாவது, கற்பிக்கும் முறை. தமிழ்ப்பள்ளிகளில் இன்று பிற இனப் பிள்ளைகளும் ஆங்காங்கே சேர்ந்து பயில்கின்றனர். அயலார் ஒருவர் தமிழ் கற்க வந்தால், அவருக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் முதற்சொல் எது? ‘வா, போ’ என்று தொடங்குவது எளிது. ‘வாருங்கள், அமருங்கள், நலமா’ என்று தொடங்குவது சிறிது கடினம். ஆயினும் அதுவே தமிழின் வாயில். எந்தச் சொல்லோடு ஒருவர் ஒரு மொழிக்குள் நுழைகிறாரோ, அந்தச் சொல்லின் பார்வையோடுதான் அம்மொழியாரைக் காண்பார்.

மூன்றாவது, நாம் பிறர் மொழியைக் கற்கும் முறை. நம் மாணவர் மலாயும் ஆங்கிலமும் கற்கின்றனர்; சிலர் சீனமும் கற்கின்றனர்; நாளை எவரேனும் ஸ்பானியமும் கற்கலாம். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கற்று நிறுத்தினால், சின்ன துரைமார் தமிழுக்குச் செய்ததையே நாம் அம்மொழிகளுக்குச் செய்தவராவோம். போக்கோனியே பந்துனைக் கேட்டதுபோல், நாமும் பிறர் பாட்டைக் கேட்க வேண்டும். பிறர் வீட்டுத் திண்ணையில் சீகன்பால்குவைப் போல் மாணாக்கராய் அமர வேண்டும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் தமிழைக் கற்பித்த ஆண்களும் பெண்களும் கூலி பெற்றது பால் வெட்டியதற்கே. மொழி கற்பித்ததற்கு அவர்கள் ஒரு காசும் பெற்றதில்லை. அவர்கள் பெயரை இனி நாம் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் அவர்கள் வேண்டி நின்ற சொல் எது என்று நமக்குத் தெரியும். ‘கொடு’ என்போரும் ‘ஈ’ என்போரும் இல்லாமல், யாவரும் ‘தா’ என்று பேசும் வகுப்பறைகளை ஆக்குவதே அப்பெயரறியா ஆசிரியர்களுக்கு நாம் செலுத்தும் கைம்மாறாகும்.